மேடத்துக்காக நான் நிரப்பிய படிவம்

எங்கள் நர்சிங் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில் ஆறு கட்டில்கள் உண்டு. ஐந்தில் பொம்மைகள் படுத்திருக்கும். ஆறாவது காலியாக இருக்கும். தேவைப்படும்போது அதில் நான் படுப்பேன்.

என் வேலையின் பெயர் லேப் அட்டெண்டர். பொம்மைகளைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ஊசி குத்திப் பழகிய ரப்பர் கையில் ஓட்டை பெரிதாகிவிட்டால் டேப் ஒட்டுவது, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் எண்ணி வைப்பது. இதற்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் பதினோரு வருடம் இருந்தேன். இடுப்பு போனதும் மச்சான் சொல்லி இங்கே சேர்த்துவிட்டார். படித்தது ஐந்தாவது. ஆனால் லைப்ரரியில் தினமும் இரண்டு தமிழ்ப் பேப்பரைக் கட்டையில் செருகி வைப்பதும் நான்தான் என்பதால், ஒன்பது வருடமாக இரண்டையும் முழுதாகப் படித்து வருகிறேன். வேறு யாரும் தொடுவதில்லை.

பொம்மைக்கு நாடி கிடையாது. நாடி பிடிக்கவும் பி.பி. பார்க்கவும் பழக உயிருள்ள கை வேண்டும். அதற்குத்தான் ஆறாவது கட்டில். முதலாமாண்டுப் பெண்கள் அறுபத்து நான்கு பேர் வரிசையாக வந்து என் கையைப் பிடிப்பார்கள். எனக்குப் பெண்கள் முன்னால் பேச வராது. ஆண்கள் முன்னாலும் அவ்வளவாக வராது. அதனால் படுத்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடியவன் தூங்குகிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் போனால் அங்கே ஆறு பொம்மை என்றே நினைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆசிரியைகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் இப்படித்தான். கேட்க வேண்டும் என்று ஒருநாளும் படுத்ததில்லை.

ஆசிரியைகளை எங்கள் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடத்தும் பாடம்தான் பெயர். சைல்டு ஹெல்த் மேடம், கம்யூனிட்டி மேடம், மெட்சர்ஜ் மேடம் என்று போகும். மொத்தம் பன்னிரண்டு பேர். கல்லூரிக் கணக்கில் இருபத்திரண்டு பேர். மீதிப் பத்துப் பேர் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு வருவார்கள்.

பன்னிரண்டு பேரும் இருபத்திரண்டு பேருடைய வேலையைச் செய்வார்கள். வகுப்பு, ஆஸ்பத்திரி போஸ்டிங், ரெக்கார்டு நோட்டு திருத்தம், பேருந்தில் பெண்களை எண்ணுவது, பெற்றோர் சண்டைக்கு வந்தால் பதில் சொல்வது, ஏப்ரல் மே மாதங்களில் நோட்டீஸ் கட்டோடு எளாவூர் வரைக்கும் போய் பிளஸ் டூ முடித்த பெண்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது. இதை எல்லாம் சமாளிக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. சைல்டு ஹெல்த் மேடம் மேசை டிராயரில் முறுக்கு வைத்திருப்பார். பிரின்சிபல் அறையிலிருந்து திரும்பும்போது இரண்டு, சாதாரண நாளில் ஒன்று. கம்யூனிட்டி மேடம் கிராம சர்வேக்கு எங்கள் மாவட்டத்து ஆரணி பக்கம் போனால், பெண்களை வீடு வீடாக அனுப்பிவிட்டு, நெல் வயல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுவார். அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்து எழுப்புவாராம். அந்தக் கிராமத்துக்கு ஒரே வருடத்தில் எட்டு முறை சர்வே போயிருக்கிறார்கள். அங்கே யாருக்கு எப்போது என்ன காய்ச்சல் வந்தது என்று மாவட்டத்தில் வேறு எந்த ஊரைப் பற்றியும் இவ்வளவு விவரம் இருக்காது.

மெட்சர்ஜ் மேடம் கோபம் வந்தால் படுக்கை விரிப்பார்.

பெரியவர்களுக்கு வரும் நோய்களையும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பையும் நடத்துகிறவர் அவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வீடு செவ்வாப்பேட்டையில். விடிந்ததும் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, ஷேர் ஆட்டோவில் வந்து சேர ஒன்பது மணி ஆகும். எது நடந்தாலும் நேராக லேபுக்கு வருவார். பொம்மையைப் புரட்டி விரிப்பை உருவி எடுத்து, உதறி, மறுபடி போட்டு, நான்கு மூலையும் கவர் மாதிரி மடித்துச் செருகுவார். ஒரு சுருக்கம் இருக்காது. கோபம் பெரிதாக இருந்தால் ஆறு கட்டிலும் ஆகிவிடும். அன்றைக்கு எனக்கு வேலை மிச்சம்.

விரிக்கும்போது பேசுவார். மூன்றாம் கட்டில் பொம்மை ஒரு வயதான அம்மா. அதனிடம்தான். போன ஆகஸ்ட் மாதம் முழுவதும் பிரின்சிபலிடம் சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட்" என்று ஒருநாள். "மேடம், நீங்க தப்பா எடுத்துக்கலன்னா" என்று இன்னொரு நாள். "இன்னா மேடம் நீங்க, கொஞ்சம் நியாயமா யோசிச்சுப் பாருங்க" என்று ஒரு நாள் ஆரம்பித்துவிட்டு, "ஐயோ, இது வேணாம்" என்று பொம்மையின் கையைத் தட்டிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். செப்டம்பர் ஒன்றாம் தேதி முதல் ஹாஸ்டல் பொறுப்பு அவருக்கு என்று பிரின்சிபல் வாயால் சொல்லியிருந்தார். திங்கள் முதல் வியாழன் வரை ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும். மேடத்தின் கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவருக்கு இராத்திரி ஷிப்ட். பெண் ஆறாவது படிக்கிறது. மேடம் ஹாஸ்டலில் தங்கினால் அந்தப் பெண் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் ராஜினாமா கேட்பார்கள். சேர்ந்தபோது வாங்கி வைத்த ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரியின் பீரோவில் இருக்கின்றன. நடுவில் போனவர்களுக்கு அவை சுலபமாகக் கிடைத்ததில்லை. சான்றிதழ் இல்லாமல் வேறு இடத்தில் வேலையும் கிடைக்காது. மேடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விரிப்பு மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சிப் பெண் வந்தாள். சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் நர்சிங்கில் மேல்படிப்பு. நர்சிங் ஆசிரியைகள் வேலையில் எவ்வளவு ஓய்ந்துபோகிறார்கள், அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆசிரியைகள் ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். பிரின்சிபல் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார். பிறகு ஆசிரியைகளைக் கூப்பிட்டு, "உண்மையா எழுதுங்க. நம்ம காலேஜ் பேர் கெடாத மாதிரி உண்மையா எழுதுங்க" என்றார்.

அதற்கு முந்திய மாதம்தான் மன அழுத்தம் போக்க ஒரு நிகழ்ச்சி நடத்தியிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் ஆறு வரை. நடத்த வந்தவர் மூன்று எண்ணியதும் எல்லோரையும் சத்தமாகச் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். வராத இரண்டு பேரிடம் விளக்கக் கடிதம் வாங்கப்பட்டது.

படிவங்களைக் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. ஆராய்ச்சிப் பெண் என்னை "சார்" என்றாள். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "சார், பேர் எழுத வேணாம்னு சொல்லுங்க. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றாள். கொண்டுவந்த இங்கிலீஷ் படிவம் பதினொன்றுதான் இருந்தது. ஒன்று குறைந்தது. பையில் துழாவி ஒரு தமிழ்ப் படிவம் எடுத்தாள். ஆராய்ச்சிப் புத்தகத்தின் கடைசியில் சேர்க்கத் தமிழிலும் ஒன்று வைத்திருக்க வேண்டுமாம். "இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார். யாருக்காவது குடுத்துடுங்க."

மெட்சர்ஜ் மேடம் அன்று பெண்களோடு திருவள்ளூர் ஆஸ்பத்திரி போஸ்டிங்கில் இருந்தார். மறுநாள் வந்தவருக்கு மிஞ்சியது அந்தத் தமிழ்ப் படிவம். அப்போது அவர் முன்னால் அறுபத்து நான்கு ரெக்கார்டு நோட்டு அடுக்கியிருந்தது. தலை நிமிராமல் கை நீட்டி வாங்கினார். ஒரு பக்கம் புரட்டினார். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"அண்ணா, தமிழ்லதான இருக்கு? நீங்களே போட்டுடுங்க."

"நானா மேடம்?"

"டிக்குதாண்ணா. நாப்பது டிக்கு. சனிக்கிழமைக்குள்ள போட்டு அதோட சேத்துக் குடுத்துடுங்க. எனக்கு இதுக்கே ரெண்டு கை பத்தல."

மற்றவர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சைல்டு ஹெல்த் மேடம் முதலில் போட்டார், மற்றவர்கள் அதைப் பார்த்துப் போட்டார்கள். தொல்லை என்று வரும் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை". நல்லது என்று வரும் எல்லாவற்றுக்கும் "எப்போதும்". மெட்சர்ஜ் மேடமும் நான் அப்படித்தான் போடுவேன் என்று நினைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவில்லை. ரேஷன் கார்டில் என் அம்மாவின் வயதை யாரோ தோராயமாகப் போட்டுவிட்டதால் பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு மூன்று வருடம் நடந்தவன் நான். படிவத்தில் கேட்டதற்கு உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். லேபில் மருந்து டிராலிக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் முதலில் போட்டுப் பிறகு பேனாவால் போட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். எப்போதும், அடிக்கடி, சில நேரங்களில், அரிதாக, ஒருபோதும் இல்லை.

'காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக உணர்கிறேன்.' இவர் கண் விழிப்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் ரயிலில் நின்றுகொண்டே தூங்கியதாகவும் மீஞ்சூரில் ஒரு பூக்கார அம்மா தாங்கிப் பிடித்ததாகவும் மூன்றாம் கட்டிலில் சொல்லியிருக்கிறார். எப்போதும்.

'உணவை உரிய நேரத்தில் உண்கிறேன்.' டிபன் பாக்ஸைக் கழுவி வைப்பது நான். முக்கால்வாசி நாள் கழுவ ஒன்றும் இருக்காது, திறக்கவே பட்டிருக்காது. அரிதாக.

'காரணமின்றி எரிச்சல் அடைகிறேன்.' இதற்கு ஒரு மதியம் முழுவதும் யோசித்தேன். அவர் எரிச்சலடைந்த ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஒருபோதும் இல்லை.

'பணியிடத்தில் அழுகிறேன்.' துணி வைக்கும் அறையில் ஜூனில் இரண்டு, ஜூலையில் ஒன்று. சில நேரங்களில்.

'என் சிரமங்களை மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்கிறேன்.' ஒருபோதும் இல்லை. 'மனம்விட்டுப் பேச எனக்கு ஒருவர் இருக்கிறார்.' பொம்மையை ஒருவர் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அடிக்கடி என்று போட்டேன்.

'பணியை விட்டுவிட நினைக்கிறேன்.' இதற்கு யோசிக்கவே இல்லை. எப்போதும்.

கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா எளாவூர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். துடைப்பத்தோடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, பரீட்சையா எழுதிக்கினு கீற?"

"மேடத்து ஃபார்ம்."

"அவங்க ஃபார்மு, நீ இன்னாத்துக்கு எழுதற?"

"போடச் சொன்னாங்க."

"அப்ப பாஸ் ஆனா யாருக்கு மார்க்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் பெருக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு படிவமும் என்னிடம் சேர்ந்துவிட்டன. கட்டி வைத்தேன். பிரின்சிபல் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேர் எழுத வேண்டாம் என்று சொன்னது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்காகத்தானே. ஆனால் பதினொரு மணிக்கு அவர் பெல் அடித்து, "அந்த ஃபார்ம்ஸ் கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் தமிழ்ப் படிவம் வந்தது. ஆட்டுவதை நிறுத்தினார்.

"தமிழ் ஃபார்ம் யாருக்குக் குடுத்த?"

பதில் சொல்லத் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் படிவம் கொடுத்த அன்று போஸ்டிங்கில் இருந்தவர் ஒருவர்தான் என்பது அவருக்கே தெரியும்.

"மெட்சர்ஜைக் கூப்பிடு."

ரெக்கார்டு அறையிலிருந்து பிரின்சிபல் அறைக்கு நீளமான நடை. மேடம் முன்னால் நடந்தார், நான் பின்னால். நடு வழியில், "மேடம்" என்றேன். "சொல்லுங்கண்ணா" என்று நின்றார். சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். அவர் உள்ளே போனார். நான் திரைக்கு வெளியே நின்றேன்.

பிரின்சிபல் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிறவர் இல்லை. "படிச்சுப் பாருங்க" என்றார். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க இவ்ளோ கஷ்டத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொன்னதே இல்ல. எழுதி வெளியாள் கிட்ட குடுக்கறீங்க. இவ்ளோ கஷ்டப்படற ஒருத்தரை நான் இங்க பிடிச்சு வச்சா அது எனக்குப் பாவம். ஹாஸ்டலும் உங்களுக்குச் சுமைதான். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க, நான் ஃபார்வர்டு பண்றேன்."

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுவரை இல்லை.

"நான்தான் மேடம் போட்டேன்."

"என்னது?"

"டிக்கு."

"எந்த டிக்?"

"எல்லாமே மேடம். நாப்பதும்."

பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை யார் போடச் சொன்னது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மெட்சர்ஜ் மேடம், "நான்தான் மேடம் சொன்னேன். கரெக்‌ஷன் இருந்துச்சு" என்றார்.

"நீ என்ன படிச்சிருக்க?"

"அஞ்சாவது மேடம்."

பிரின்சிபல் முகம் தெளிந்துவிட்டது. சிரித்தார். "அஞ்சாவது படிச்சவரு நம்ம ஃபேகல்டிக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிச்சிருக்காரு. நல்லவேளை. அதை இப்படிக் குடுங்க, கிழிச்சுப் போட்டுடலாம். ஒரு ஃப்ரெஷ் ஃபார்ம்ல நீங்களே நெவர் போட்டுக் குடுத்துடுங்க. விஷயம் முடிஞ்சுது. நீங்க நல்லா இருக்கீங்கன்னா ஒண்ணாந் தேதி ஹாஸ்டல்ல சேந்துடலாம்."

கை நீட்டினார். மேடம் படிவத்தைக் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம், பாத்துடறேன்" என்று சொல்லி எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் ஆசிரியைகள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ரெக்கார்டு நோட்டு திருத்துகிற மாதிரியே முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். விரலை வைத்துக்கொண்டு படித்தார். சில இடத்தில் நின்றார், சில இடத்தில் ஒரு கோடு போட்டுப் பக்கத்துக் கட்டத்தில் புதிய டிக் வைத்தார். பிரின்சிபலின் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. நாற்பது கேள்வி படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும், நான் நான்கு நாள் எடுத்தேன். அவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"அண்ணா, நாலு தப்பு இருக்கு" என்று என்னிடம் சொன்னார். பிறகு பிரின்சிபலிடம் திரும்பினார். "திருத்திட்டேன் மேடம். மத்தது எல்லாம் சரிதான். இது என் ஃபார்ம்தான்."

"அப்படின்னா?"

"ஹாஸ்டல்ல என்னால தங்க முடியாது மேடம். பொண்ணு தனியா இருக்கும். லெட்டரும் எழுத மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆகஸ்ட் முழுவதும் சொல்லிப் பார்த்ததில் எதுவும் இவ்வளவு சின்னதாக இல்லை. பிரின்சிபல் நாட்காட்டியைப் பார்த்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஐந்து வாரம் இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர் குறைந்தால் வெளியே இருந்து வர வேண்டியவர்கள் பதினொரு பேராகிவிடுவார்கள்.

"மேனேஜ்மென்ட் கிட்ட பேசறேன்" என்றார். "நீங்க கிளாஸுக்குப் போங்க." பிறகு என்னைப் பார்த்து, "இதைக் கட்டு" என்றார்.

கட்டுவதற்கு முன் நடையில் நின்று பார்த்தேன். நாலு சிவப்புக் கோடு இருந்தது. காரணமில்லாத எரிச்சலுக்கு நான் போட்ட 'ஒருபோதும் இல்லை'யை அடித்து 'அடிக்கடி' ஆக்கியிருந்தார். அழுகிற கேள்விக்கு 'சில நேரங்களில்' போய் 'அடிக்கடி' வந்திருந்தது. நான் பார்த்தது மூன்று தடவைதான். மனம்விட்டுப் பேச ஒருவர் என்பதற்கு 'அடிக்கடி'யை அடித்துவிட்டு 'அரிதாக' என்று போட்டிருந்தார். நான்காவது, வேலையை விட்டுவிட நினைப்பது. நான் யோசிக்காமல் 'எப்போதும்' போட்ட கேள்வி. அதை அடித்து 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருந்தார். சந்தேகம் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

விஷயம் ஆயாம்மா வழியாக ஒரு மணிக்குள் எல்லா மாடிக்கும் போய்விட்டது. சனிக்கிழமை ஆராய்ச்சிப் பெண் வந்து என்னிடம் கட்டை வாங்கிக்கொண்டு இறங்கும்போது சைல்டு ஹெல்த் மேடம் அவளைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

"ஏம்மா, எங்க ஃபார்ம் எல்லாம் குடு. ஒரு சின்ன கரெக்‌ஷன்."

"எத்தனை பேருக்கு மேடம்?"

"பதினோரு பேருக்கும்."

அவள் பயந்துவிட்டாள். பழைய படிவங்களைப் பிரித்துப் பார்த்து, "எல்லாமே ஒரே மாதிரி இருக்கே மேடம். எங்க கைடு மேடம் நம்பவே மாட்டாங்க" என்றாள். அதற்குக் கம்யூனிட்டி மேடம், "அதான் சொல்றோம், வேற குடு. தமிழ்ல இருந்தா குடு, அதுலதான் சரியா வருது போல" என்றார். அன்று அவள் கொண்டுவந்திருந்த வெற்றுத் தமிழ்ப் படிவம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்து கொடுக்கும்போது சைல்டு ஹெல்த் மேடம் முறுக்கு ஒன்று நீட்டினார். "அண்ணா, என்னையும் ஒரு நாலு நாள் பாத்து நீங்களே போட்டுடறீங்களா?" என்று கேட்டார். கிண்டலா உண்மையா என்று தெரியவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டேன். படிவத்தை வாங்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. இங்கிலீஷில். ஆசிரியை செய்ய வேண்டிய வேலையை அனுமதியில்லாமல் செய்ததற்கு விளக்கம் கேட்டு. மெட்சர்ஜ் மேடத்துக்கும் ஒன்று. செய்ய வேண்டிய வேலையை அட்டெண்டரிடம் கொடுத்ததற்கு. அவர் இரண்டுக்கும் பதில் எழுதினார், நான் என்னுடையதில் கையெழுத்துப் போட்டேன். மேடத்தின் வகுப்புப் பொறுப்பைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அது பெரிய கௌரவம் என்று பெயர். அறுபத்து நான்கு பெற்றோரின் போனும் அதோடு போய்விட்டது. பறித்ததற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, வாங்கிக்கொண்டவரைத் தவிர.

ஹாஸ்டல் பொறுப்பை வேறு யாருக்குக் கொடுப்பது என்று பிரின்சிபல் பட்டியலைப் பார்த்தார். புதிய படிவங்களில் பதினொரு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், இந்தத் தடவை மறுபக்கம். அவர் அதைப் பார்க்கவில்லை, ஆராய்ச்சிப் பெண் இம்முறை நேராகக் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்திருப்பார். கடைசியில் பொன்னேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரை வார்டனாகப் போட்டார்கள். நன்றாகத் தூங்குவார் என்று பெண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை வந்தது. மாலை நாலரைக்கு மெட்சர்ஜ் மேடம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டிபன் பையும் திருத்தாத நோட்டு பதினைந்தும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்புதான் உள்ளே இருந்தது. ஆட்டோ ஸ்டேஷன் பக்கம் திரும்பும் வரை கேட் பக்கம் எனக்கு வேலை இருந்தது.

மறுநாள் வண்டி தாமதம். ஒன்பது இருபதுக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது. களைப்பு ஒன்றும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. லேபுக்குள் வந்து, வகுப்புக்கு வேண்டிய ரப்பர் கையையும் சிரிஞ்சுகளையும் டிரேயில் எடுத்து வைத்துக்கொண்டார். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். வேலை தவிர வேறு எதுவும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

"நேத்து நான் போறதுக்குள்ள எங்க பொண்ணு தோசை ஊத்திக்கினு இருந்தாண்ணா. அத்தனையும் தீஞ்சிப் போச்சி."

"அடுப்ப கம்மி பண்ணணும் மேடம்" என்றேன்.

"அதான் சொன்னேன்" என்றார். "ரெண்டு பேரும் அதையே சாப்ட்டோம்."

டிரேயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனார்.